இரண்டாவது கேசட்டின் எடை

1986 செப்டம்பர் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழேமுக்கால் மணிக்கு, அளத்தங்கரை உப்பளத்தில் தலையில் கூடையோடு உப்பு அம்பாரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்த சுடலைவடிவு என்கிற பத்தொன்பது வயதுப் பெண், பாதி ஏற்றத்தில் நின்று, திரும்பி, கீழே கூடைகளுக்கு உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, "என்னவே, ஆளு பாத்து கொறைச்சுப் போடுதீரா? நான் என்ன நோஞ்சானா?" என்று கேட்டாள். அவர் குறைத்துப் போடவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையாக ஏறிவந்த நாற்பது பெண்களும் அதே நேரத்தில் ஒரு கையை உயர்த்தித் தங்கள் கூடைகளைத் தடவிப் பார்த்தார்கள். அளத்து ஓரத்து டீக்கடையில் அப்போதுதான் ஒரு புதுக் கேசட்டைப் போட்டிருந்தார்கள். அதன் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நின்றதும் நாற்பது கழுத்துகளும் ஒன்றாக ஒரு விரற்கடை உள்ளே இறங்கின. டீக்கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். கழுத்துகள் எழும்பின.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டது. அந்தக் கேசட் பாடும்போது, அது காதில் விழுகிற தூரம்வரைக்கும், மனிதர்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் கையால் தூக்கக்கூடிய எல்லாப் பொருள்களுக்கும் எடையில் சரியாகக் கால்பங்கு குறைகிறது; நிறுத்தினால் திரும்பி வந்துவிடுகிறது. ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் எவ்வளவு குறைகிறது என்றுதான் கேட்டார்கள்.

கேசட்டின் அட்டையில் 'மூவர் மெலடீஸ் – வால்யூம் 2' என்று அச்சிட்டிருந்தது. அந்த மூவரும் உள்ளூர்க்காரர்கள்தான். பாட்டெழுதி மெட்டுப்போட்டு ஆர்மோனியம் வாசித்துப் பாடியவர் வேதமாணிக்கம், உப்புக் குடோனில் எடை எழுத்தர். கூடப் பாடியவள் அவர் மனைவி திரேசம்மாள், கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம். தபேலா மைதீன்பிச்சை, பஜாரில் பாய்க்கடை வைத்திருந்தவர். முந்தைய வருடம் அவர்கள் போட்ட முதல் கேசட், ஒரு பிழையும் இல்லாமல், ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கத் தேவையில்லாமல் வெளிவந்திருந்தது.

இரண்டாவது கேசட் தூத்துக்குடியில் ஒரு பகல்பொழுதில் பதிவானது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், தபேலாவை உட்காரவைக்கும் வளையத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது மைதீன்பிச்சைக்குத் தெரிந்தது. அன்று காலை வாத்தியங்களைப் பஸ் நிலையம்வரை சுமந்து கொடுத்தவள் சுடலைவடிவு. அவள் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணி ஆர்மோனியப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதைச் சுருட்டி வட்டமாக்கி, அதன்மேல் தபேலாவை வைத்து வாசித்தார். இரண்டு பாட்டு சரியாகப் போனது. மூன்றாவது பாட்டில், 'கொண்டல் காத்தே நில்லு நில்லு, கூடைக்குள்ள என்ன, சொல்லு' என்கிற இடத்தில், தபேலா சும்மாட்டிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. மைதீன்பிச்சை முழங்காலால் தவழ்ந்து போய் அதைப் பிடித்துவருவதற்குள் இரண்டு தட்டு விட்டுப்போனது. அவர் தவழ்ந்த தவழலைப் பார்த்துத் திரேசம்மாள் சிரித்துவிட்டாள். 'சொல்லு' என்கிற வார்த்தை பாதிக்குமேல் சிரிப்பாகவே பதிவானது. பதிவு செய்தவர், டேப் அவ்வளவுதான், வேறு இல்லை என்று சொல்லிவிட்டார். வேதமாணிக்கம் மூன்று நாள் மனைவியோடு பேசவில்லை.

அந்தக் கேசட்தான் அளத்தங்கரையைத் தூக்கியது.

முதலில் சண்டை வந்தது மீன் சந்தையில். தட்டுத் தராசு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மீனுக்குக் குறைந்தால் படிக்கல்லுக்கும் குறைந்தது. தட்டான் கடையில் அதனால்தான் நாள் முழுக்கப் பாட்டு ஓடியது. கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிற சுருள்வில் தராசுக்காரர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். சீலா மீன் வாங்க வருகிற பெண்கள் கூடைக்குள் மீனுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு வந்தார்கள். "அதை அமத்தும்மா, மீனு கொறையுது." "பாட்டு கேக்கக் கூடாதா? ஒம்ம மீனு கொறைஞ்சா மீனுகிட்ட கேளும்." இரண்டு வாரம் கழித்து சந்தையில் ஒரு பலகை தொங்கியது: நிறுக்கும்போது இரண்டாவது கேசட் போடக் கூடாது, முதலாவது போடலாம்.

எடையளவு ஆய்வாளர் கோதண்டபாணி என்பவர் ஜீப்பில் வந்தார். நாள் முழுக்க ஊரில் இருந்த எல்லாத் தராசையும் சோதித்து, தானும் ஏறி நின்று பார்த்து, 'பாடல் ஒலிக்காத நேரங்களில் கருவிகள் அனைத்தும் சரியாக உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவிக்கு முழங்கால் வலி என்று சொல்லிக் கேசட்டில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். அளத்தங்கரை பள்ளி மாணவிகள் சொந்த மைதானத்தில் தாண்டிய நீளத்தை மாவட்டப் போட்டிக்கு ஏற்க மறுத்துக் கடிதம் வந்தது. ஓடைப்பாலத்தில் ஏறுமுன் பஸ் டிரைவர் கேசட்டைப் போட்டு, அறுபது பேரோடு ஒரு முனகலும் இல்லாமல் கடந்தார். பங்குச் சாமியார் முதலில் கண்டித்தார். பிறகு ஒரு நல்ல கனமான மனிதரின் அடக்கத்தன்று, சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரின் முகத்தைப் பார்த்து, மூன்றாவது பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா, பிள்ளையை நிறுத்து எழுதுகிறவரைக்கும் தெருவில் யாரும் பாட்டுப் போடக் கூடாது என்று ஜன்னலைத் திறந்து கத்துவாள்; எழுதி முடித்ததும் "இப்பப் போடுல!" என்பாள், அவளுக்கும் கால்வலி. ஆடிமாதக் காற்றில் ஒல்லியானவர்கள் இரண்டாவது கேசட் கேட்பதானால் மடியில் ஒரு கல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பஞ்சாயத்து தமுக்கடித்தது, ஏனென்றால் கணக்கு வாத்தியார் ஒருவர் தபால் பெட்டிவரை போக நினைத்து, அதைத் தாண்டி இரண்டு தெரு போய்த்தான் நின்றிருந்தார். அவர் புகார் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் தபால் போடப் போனார்.

இதில் இரண்டே இரண்டு விதிவிலக்குகளை ஊர் கண்டுபிடித்தது. ஒன்று, கேசட்டோடு சேர்ந்து வாயைத் திறந்து பாடுகிறவர்களுக்கு எடை குறையாது. ஒரு சொல் முணுமுணுத்தாலும் கூடை பழைய கனத்தோடு கழுத்தில் உட்காரும். அதனால் அளத்தங்கரையில் அந்தக் கேசட்டின் எட்டுப் பாட்டும், எட்டுப் பாட்டில் எங்கெங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பதும், எல்லோருக்கும் அத்துப்படியாக இருந்தும், ஒருவரும் ஒருநாளும் அவற்றைப் பாடியதில்லை. தாலாட்டுக்குக்கூட வேறு பாட்டைத்தான் எடுத்தார்கள்.

இரண்டாவது விதிவிலக்கு, பாடியவர்கள் மூவரும். அவர்களுக்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

திரேசம்மாளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மைதீன்பிச்சை, "நமக்குக் கொறைஞ்சு என்ன செய்ய, பாயா சுமக்கோம்? ஆமா, பாய்தான் சுமக்கேன்," என்று தனக்குத்தானே பேசிச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வேதமாணிக்கத்தால் விட முடியவில்லை. குடோனில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருந்தது, சுவர்க்கடிகாரம் மாதிரி வட்ட முகமும் ஒற்றை முள்ளும் உள்ளது. அதன்மேல் ஏறி நின்றுகொண்டு கேசட்டைப் போட்டுப் பார்த்தார். எழுபத்தொன்று. வாசலில் நின்ற நாய் அந்தரத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. முள் எழுபத்தொன்றிலேயே நின்றது.

இதைவிட நல்ல ஒன்றைச் செய்தால் தனக்கும் குறையும் என்று அவர் முடிவு கட்டினார். மூன்றாவது கேசட் வந்தது. நான்காவது வந்தது. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென்டிரைவ் வந்தது, வால்யூம் இருபத்தேழு வரைக்கும் வந்தது; ஒவ்வொன்றும் வெளியாகிற நாளில் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குடோனுக்குப் போய்த் தராசில் ஏறி நின்று அதைக் கேட்பார். எழுபத்தொன்று. ஒன்பதாவதில் மட்டும் எழுபதரை காட்டியது. அன்று ஊருக்கே அல்வா கொடுத்தார். சாயங்காலம் திரேசம்மாள்தான், "செருப்பைக் கழட்டிட்டா ஏறுனீங்க?" என்று கேட்டாள்.

கச்சேரிகள் குறையவில்லை. சர்ச் அசனம், கோயில் கொடை, தர்கா கந்தூரி எல்லாவற்றுக்கும் மூவர் மெலடீஸ்தான். ஆனால் முதல் வருடமே ஒரு சிக்கல் தெரிந்தது: மேடையில் அவர்களே நேரில் பாடினால் யாருக்கும் எடை குறையவில்லை. வேதமாணிக்கம் அந்தப் பாட்டுகளை உருப்படியாகத் திருத்தியிருந்தார். தபேலாவுக்கு இரும்பு வளையம் வந்துவிட்டது, விட்டுப்போன இரண்டு தட்டும் வந்து சேர்ந்துவிட்டன, திரேசம்மாள் அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுத்தமான 'சொல்லு' சொன்னாள். கூட்டம் ஒரு பாட்டுவரை பொறுத்தது. பிறகு, "அண்ணாச்சி, பாடுனது போதும், டேப்பைப் போடுங்க!" என்று கத்தியது. அதிலிருந்து நடைமுறை அதுவாகிவிட்டது. மூவரும் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள், டேப் பாடும், அவர்கள் வாயசைப்பார்கள், எதிரே ஆயிரம் பேர் வேட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதிப்பார்கள், கிழவர்கள் கிழவிகளைத் தூக்கிச் சுற்றுவார்கள்.

ஒவ்வொரு கச்சேரியிலும் நடுவில் வேதமாணிக்கம் மைக்கைப் பிடித்து, "புதுசா ஒண்ணு பாடட்டுமா?" என்று கேட்பார்.

"ரெண்டாவது! ரெண்டாவது!" என்று கூட்டம் பதில் சொல்லும்.

மரியாதைக்கு ஒரு பாட்டு விடுவார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். மூன்றிலிருந்து இருபத்தேழு வரைக்கும் அவர் போட்ட இருநூறு பாட்டுக்கும் ஊரில் ஒரே பெயர், டீப்பாட்டு. அந்தப் பெயர் அவர் காதுக்குப் போகாமல் ஊர் மிகவும் கவனமாக இருந்தது. அவருக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வருடம் இப்படிப் போனது. 2024 ஜனவரியில் தொண்டை டாக்டர் குழலை விட்டுப் பார்த்துவிட்டு, இந்த வருடத்தோடு பாட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சும் நின்றுவிடும் என்றார். வேதமாணிக்கத்துக்கு அறுபத்தேழு வயது. ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் வால்யூம் இருபத்தெட்டை முடித்தார். பிறகு உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குப் போனார். சங்கத் தலைவி சுடலைவடிவு. அம்பாரத்தில் பாதி ஏற்றத்தில் நின்று கேள்வி கேட்ட அதே சுடலைவடிவு.

"வடிவு, ஒரு கச்சேரி வைக்கணும். கடைசிக் கச்சேரி."

"வையுங்க அண்ணாச்சி. ஊரே வரும்."

"ரெண்டாவது போட மாட்டேன். புதுசு எட்டுப் பாட்டு, என் வாயால. அன்னைக்கு ஊர்ல எங்கயும் ரெண்டாவது பாடக் கூடாது."

சங்க ஆபீஸில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு முழுநாள் அந்தக் கேசட் இல்லாமல் இந்த ஊர் சுமை தூக்கியதில்லை.

"நேராவே கேக்கேன் அண்ணாச்சி," என்றாள் சுடலைவடிவு. "எட்டுல ஒண்ணாவது ஒங்களக் கொறைக்குமா?"

"கொறைக்கலைன்னா இனிமே கொறையப்போறதில்ல. அவ்வளவுதான். தெரிஞ்சிட்டுப் போறேன்."

அவள் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். "சரி. ஒருநாள் முழுக் கூடை சொமந்தா எங்க கழுத்து ஒண்ணும் ஒடிஞ்சிராது. ஆனா நீங்க முடிச்சப்புறம் மேடைய விட்டு எறங்கக் கூடாது. எங்களுக்கு ஒரு காரியம் இருக்கு."

"என்ன காரியம்?"

"கச்சேரிக்கு வாங்க, சொல்லுதேன்."

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணி. குடோன் முன்னால் இருந்த மைதானத்தில் மூவாயிரம் பேர். காலையிலிருந்து ஊரில் எந்த வீட்டிலும் பாட்டு இல்லை. எல்லோரும் முழு எடையோடு, பழக்கமில்லாமல், படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். மேடை நடுவில் மூட்டைத் தராசு. நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து, முகம் கூட்டத்தைப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். வேதமாணிக்கம் அதைப் பார்த்துத் தயங்கினார்.

"ஏறுங்க அண்ணாச்சி," என்றாள் சுடலைவடிவு. "குடோனுக்குள்ள போயி தனியா நின்னது போதும்."

ஏறினார். எழுபத்தொன்று. மூவாயிரம் பேரும் பார்த்தார்கள்.

தராசில் நின்றபடியே எட்டுப் பாட்டையும் பாடினார். திரேசம்மாள் பக்கத்தில் நாற்காலியில், ஆர்மோனியத்தை அவள்தான் வாசித்தாள். மைதீன்பிச்சைக்கு எழுபத்திரண்டு வயது, விரல்கள் மட்டும் வயது தெரியாதவை. டீக்கடை திறந்திருந்தது, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை; டீக்கடைக்காரரே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பாட்டுகள் நன்றாக இருந்தன. உண்மையைச் சொன்னால், முதல் கேசட்டைவிட நன்றாகவும் மற்ற எல்லாவற்றைவிடக் கொஞ்சம் நன்றாகவும் இருந்தன. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் மூவாயிரம் தலைகள் முள்ளைப் பார்க்கத் திரும்பின. எழுபத்தொன்று. எட்டாவது பாட்டின் கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தானும் குனிந்து பார்த்தார்.

"அவ்வளவுதான்," என்றார். "எல்லாரும் உக்காந்து கேட்டீங்க. சந்தோஷம்."

இறங்கப்போனார். "எறங்காதீங்க!" என்றாள் சுடலைவடிவு. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாள். மைக்கில் பேசிப் பழக்கப்பட்ட சங்கக் குரல். "பாடுனவுகளுக்கு எடை கொறையாது. அது சட்டம். அண்ணாச்சிக்குக் கொறையல, திரேசு மைனிக்குக் கொறையல, மைதீன் காக்காவுக்குக் கொறையல. ஏன்? பாடுனது அவுக. சரி, இன்னைக்குப் பாடப்போறது யாரு?"

 அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை வாழ்நாளில் ஒருதடவைகூட வெளியே விடாத, இரண்டாவது கேசட்டின் முதல் பாட்டை எடுத்தாள்.

மூவாயிரம் பேரும் சேர்ந்துகொண்டார்கள். குரல் என்று சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு வருடம் வாய்க்குள்ளேயே கிடந்த பாட்டு, துருப்பிடித்த கதவு மாதிரித் திறந்தது. பாதிப்பேர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள், பஸ் டிரைவர் ஹாரன் மாதிரிப் பாடினார், நர்சம்மா ஒரு கட்டை மேலே பாடினாள், கணக்கு வாத்தியார் கைத்தடியால் தரையில் தட்டித் தாளம் போட்டார், தபேலா இல்லாத இடத்தில் ஆறாயிரம் கைகள் தட்டின. ஆனால் மூச்சு வாங்குகிற இடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதல் பாட்டு போனது, இரண்டாவது போனது. முள் லேசாக நடுங்கியது. வேதமாணிக்கம் அதைப் பார்க்கவில்லை, மூன்றாவது பாட்டு வருவது தெரிந்து கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். திரேசம்மாளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொண்டல் காத்தே நில்லு நில்லு,
கூடைக்குள்ள என்ன,

ஆறாயிரம் கைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு தட்டு. இரண்டு தட்டு. விட்டார்கள். பிறகு மூவாயிரம் பேரும், கிழவர்கள், மீசை வைத்தவர்கள், பங்குச் சாமியார் உட்பட, கல்யாணமாகி இரண்டு மாதமான இருபத்திரண்டு வயதுப் பெண் சிரித்த சிரிப்பை, அதே நீளத்துக்கு, அதே இடத்தில் மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து, அதே மாதிரி 'சொல்லு'வைப் பாதியில் விழுங்கிச் சிரித்தார்கள்.

"ஐயோ," என்றாள் திரேசம்மாள். "இந்த மூக்கிழுப்பக்கூடவா பாடம் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே, தானும் அதே மாதிரி மூக்கால் இழுத்துச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எம்பி, மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வேதம்!" என்று மைதீன்பிச்சை கத்தினார். "வேதம், முள்ளப் பாரும்வே!"

ஐம்பத்துமூன்று.

வேதமாணிக்கம் காதிலிருந்து கையை எடுத்தார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். மறுகாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அறுபத்தேழு வயதான மனிதர், ஓய்வுபெற்ற எடை எழுத்தர், வெள்ளைச் சட்டையோடு தராசின்மேல் குதித்தார். முள் அங்குமிங்கும் பைத்தியம் பிடித்து ஆடியது. அடுத்த தடவை எம்பி அந்தரத்திலிருந்து அவர் இறங்கி வருவதற்குள் முள் நின்று காத்திருந்தது. மைதீன்பிச்சை தபேலா இரண்டையும் ஒவ்வொரு கையில் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார். "எங்க வாப்பாட்ட சொல்லணுமே!" என்றார், அவர் வாப்பா இறந்து நாற்பது வருடம். திரேசம்மாள் ஓடிப்போய்க் கணவரை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். தூக்க முடிந்தது.

"திரேசு, விடு, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். மூணு நாளு பேசாம இருந்தீங்கல்லா? அப்படித்தான் தூக்குவேன்."

கீழே பாடிக்கொண்டிருந்த மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் அன்று ஒரு கிராம்கூடக் குறையவில்லை. காலையிலிருந்து முழுச்சுமை தூக்கிய கழுத்தோடு, பாதம் மண்ணில் அழுந்த நின்று, நாலாவது பாடினார்கள், ஐந்தாவது பாடினார்கள், எட்டாவதும் பாடி முடித்தார்கள். பாட்டு நின்றதும் மேடையில் மூவரும் மெதுவாகக் கனத்தார்கள். திரேசம்மாள் கணவரை இறக்கிவிட்டது தராசின்மேலேயேதான்; முள் எழுபத்தொன்றுக்குப் போய் நின்றது. சுடலைவடிவு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். சங்கத்துப் பெண்கள் முன்வரிசையில் வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

"என்ன அண்ணாச்சி," என்றாள். "புதுசா ஒண்ணு பாடட்டுமா?"

வேதமாணிக்கத்துக்குக் குரல் சரியாக வரவில்லை. மைக்கைப் பிடுங்கி வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டார்.

"புதுசுக்கெல்லாம் டீ குடிக்கப் போயிருவேன்," என்றார். "ரெண்டாவது! ரெண்டாவது!"